புனைமுகத்துக்கு வலிக்காது

காலை ஆறேகாலுக்கு மண்டபத்து வாசலில் புகைத்திரையை ஏற்றினேன். எட்டரைக்குள் காது குத்தி, பந்தி முடித்து, சனத்தை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். அதற்குமேல் வெயிலடைப்பு. தெருவில் நிற்கிறவனைக் காவல் வண்டி அள்ளிக்கொண்டு போய் நிழற்கூடத்தில் போட்டுவிடும். பொள்ளாச்சியில் விசேஷம் என்றால் இப்போதெல்லாம் விடிவதற்குள் பாதி முடிந்துவிடுகிறது.

முன்பு இதே வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டினார்களாம். மாப்பிள்ளையும் பெண்ணும் சினிமா போஸ்டர் மாதிரி முறைத்துக்கொண்டு நிற்க, கீழே நண்பர்களின் தலைகள் வரிசையாகச் சிரிக்குமாம். அதற்குத் தடை வந்தது. இப்போது பொய்யோட்டம் வந்திருக்கிறது. யாரும் எடுக்காத ஒரு படத்துக்கு ஒன்றரை நிமிட முன்னோட்டம். ஆங்கிலத்தில் மாக் டிரெய்லர் என்பார்கள். காது குத்தோ, சடங்கோ, கட்சிக் கூட்டமோ, வாசலில் புகைமேல் அது ஓடியாக வேண்டும். ஓடாவிட்டால், "என்ன, இழவு வீடா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள்.

முழுப்படம் என்ற சமாச்சாரம் எப்போதோ செத்துப்போனது. கணினியிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் இரண்டு மணி நேரப் படம் கொடுத்துவிடும். கொடுத்ததை உட்கார்ந்து பார்க்கத்தான் ஆளில்லை. ஆனால் முன்னோட்டத்தின் மேல் மட்டும் ஆசை விடவில்லை. அதிலும் போன நூற்றாண்டில் பகல்காட்சிக்கு ஓடிய மட்டப்படங்களின் முன்னோட்டம் என்றால் உயிர். பேய், காடு, பலாத்காரம், பழிவாங்கல், தக்காளிச் சாறு என்று பார்த்தவுடனே தெரிகிற ரத்தம். அந்தப் படங்களுக்குப் பொய்யோட்டக்காரர்கள் நாங்கள் செய்யும் மரியாதை என்று சங்கக் கூட்டங்களில் பேசுவோம். எதற்கு மரியாதை செய்கிறோம் என்று ஒருவனும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

தொழிலில் சில விதிகள் உண்டு. முதலில் கறுப்பு அட்டை: "இது உண்மையில் நடந்தது." பிறகு கீறல் விழுந்த பிம்பம். உதடு ஒன்று சொல்லக் குரல் வேறொன்று சொல்ல வேண்டும். கரகரத்த குரலில் ஒருவன், "வருகிறான்! உங்கள் இரத்தத்தை உறைய வைக்க வருகிறான்!" என்று மிரட்ட வேண்டும். கட்டாயம் ஒரு பெண் கதறிச் சாக வேண்டும்.

அன்றைக்குக் காது குத்திக்கொள்ளும் பதினோரு மாதக் குழந்தையைப் 'பழிவாங்கும் பாலகன்' ஆக்கியிருந்தேன். தாய்மாமன் கிட்டுசாமிக்குக் கொள்ளைக்காரன் வேஷம். மீசையைப் பார்த்துச் சனம் சிரித்து ஓய்ந்ததும் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "மடுக்காரி எங்கய்யா?"

வந்தாள். கரும்பச்சைத் தண்ணீர், கழுத்து மட்டத்துக்கு. ஒரு கை எழும்பித் தண்ணீரை அறைகிறது, மறுபடி அறைகிறது. வாய் திறக்கிறது, அலறல் கேட்கிறது, முகம் உள்ளே போகிறது. நான்கு விநாடி. விசில் மண்டபத்துக் கூரையைப் பிய்த்தது. "எவ்ளோ தண்ணி பாருடா!" என்று ஒருவன் வாயைப் பிளந்தான். அவனுக்கு முப்பது வயதிருக்கும். ஆள் முழுகுகிற அளவுத் தண்ணீரை அவன் வாழ்க்கையில் பார்த்திருக்க வழியில்லை. ரசிகர்களில் பாதிப் பேர் அவளைவிட அந்தத் தண்ணீரைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்பது என் கணிப்பு.

பதிவேட்டில் அவள் பெயர் புனைமுகம் ஏழு. முகவுரிமைச் சட்டம் வந்தபோது ஓர் ஏற்பாடு செய்தார்கள்: இருக்கிறவர் முகமானாலும் இறந்தவர் முகமானாலும், வீட்டாரின் சம்மதமில்லாமல் எந்த ஓட்டத்திலும் காட்டக் கூடாது. அப்படியென்றால் யாரைக் கதறவிடுவது? கலைஞன் தன் கற்பனையில் உண்டாக்கிய முகங்களை முகவங்கியில் போட்டுவைத்தார்கள். அவற்றை யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொல்லலாம், எரிக்கலாம், மூழ்கடிக்கலாம். வங்கியின் வாசலிலேயே எழுதியிருக்கும்: 'புனைமுகத்துக்கு வலிக்காது.' ஏழாம் முகம் என் படைப்பு. இருபத்தைந்து வருடத்தில் அவள் இரண்டு லட்சம் தடவைக்குமேல் முழுகியிருக்கிறாள். எனக்கு இந்தத் தொழிலில் இருக்கும் மரியாதை முழுவதும் அவள் கொடுத்தது.

புகைப்பெட்டியை மடக்கிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா வந்து நின்றார். எழுபதுக்குமேல் வயது. வெள்ளையில் நீலப்பூப் போட்ட சேலை, தோளில் துணிப்பை.

"ஏனுங் தம்பி, நாச்சிமுத்துங்கறது நீங்கதானுங்களா?"

"ஆமாங்கம்மா. என்ன விசேசம் உங்க வீட்ல?"

"விசேசமெல்லாம் ஒண்ணுமில்லீங். எம்பேரு சாந்தாமணி. அந்தத் தண்ணிக்குள்ளாற போற புள்ளை உங்க கற்பனைங்களாமா?"

இதைக் கேட்காத ஆளில்லை. வழக்கமான பதிலைச் சொன்னேன். "ஆமாங்கம்மா. இருவத்தஞ்சு வருசத்துக்கு முந்திப் பண்ணுனது."

"செரி. அவளுக்குப் பின்னால கரையில மஞ்சக் கவுனு போட்டுட்டு ஒரு சின்னப் புள்ளை நிக்குதுங்களே, அதும் உங்க கற்பனைதானுங்களா?"

அப்போது எட்டரைச் சங்கு ஊதியது. காவலாளி வெளிக்கதவை இழுத்துப் பூட்டினான். இனி மாலை ஐந்து மணிக்குத்தான் திறப்பார்கள்.

மஞ்சள் கவுன் போட்ட குழந்தை எந்த மண்டபத்திலும் வந்ததில்லை. எல்லோரும் எடுத்துப் பயன்படுத்துவது மடுக்காரியின் முகத்தை மட்டும்தான். அந்தக் குழந்தை என்னுடைய முதல் பொய்யோட்டத்தில், 'ஆனைமடுப் பழி'யில், ஒரே ஒரு விநாடி ஓரமாக நிற்கும். அந்த ஓட்டம் போன மாதம் எனக்கு வெள்ளிவிழா எடுத்தபோதுதான் முழுதாகத் தெருத்திரைகளில் ஓடியது.

"அங்கதானுங் பாத்தேன்" என்றார் சாந்தாமணியம்மா. சாப்பாட்டுக் கூடத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்து, இடது புருவத்தின் மேலிருந்த நரைமுடியை ஒதுக்கினார். புருவத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு ஒரு வடு. "ஊஞ்சல்ல இருந்து உழுந்தது. இந்த வடுவையும் நீங்களே யோசிச்சுப் போட்டீங்களா தம்பி?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. "கோடிக்கணக்கான சனங்கம்மா. ஒரு முகம் இன்னொண்ணு மாதிரி அமையறது சகஜம்" என்றேன்.

"அப்படித்தானுங் நான் மனுக் குடுத்தப்ப கோயமுத்தூரு ஆபீசுலயும் ரெண்டு தடவை எழுதிக் குடுத்தாங்க. நானும் நம்பிட்டனுங். கம்ப்யூட்டருப் பொட்டி என்னமோ கனாக் கண்டிருக்குது, அதுல எங்கக்காவாட்ட ஒரு மூஞ்சி வந்திருச்சுன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். என்னையப் பாத்ததுக்கப்புறம் எப்படீங் நம்பறது?"

அடைப்புக்குள் ஓட இடமில்லை. எட்டரை மணி நேரம் ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து பொய்யைக் கட்டிக்காப்பது லேசான வேலையில்லை. பதினொரு மணிக்குள் அவர் தன் கதையைச் சொல்லி முடித்துவிட்டார்.

அவருக்கு அப்போது பதினொரு வயது. ஊருக்குப் படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள். கதாநாயகி மடுவில் இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட, அதே உயரத்தில் ஒரு பெண் வேண்டுமென்று ஊருக்குள் கேட்டார்கள். கலாமணி போனாள். பத்தொன்பது வயது. துணைக்குத் தங்கச்சியை அழைத்துப் போனாள்.

"எங்கக்காளுக்கு நீச்சத் தெரியாதுங். இடுப்பளவுதான், பயப்படாதேன்னாங்க. கத்து, கத்துன்னாங்க. அவ நெசமாத்தான் கத்துனா. படம் எடுக்கறவரு, 'நல்லா வருது, நிறுத்தாத'ன்னாரு. கேமராக்காரரு ஒருத்தரு மட்டும் கேமராவை உட்டுட்டு அவளைத் தூக்க ஓடப் போனாரு. அவரையும் புடிச்சு நிறுத்திப்போட்டாங்க. எங்கக்கா மேல வரவே இல்லீங். மத்தியானத்துக்குள்ள வண்டி அத்தனையும் கெளம்பிருச்சுங். அவ கம்பெனிப் பையன் ஒருத்தனோட மெட்ராசுக்கு ஓடிப்போயிட்டாள்னு ஊருக்குள்ள சொன்னாங்க. நான் பாத்தேன்னு சொன்னா எவனுங் கேக்கறான்? பதினோரு வயசுப் புள்ளை. எங்கப்பா, இனிமே இந்த வாசல்ல அவ பேரை எடுக்கக் கூடாதுன்னுட்டாரு."

படம் வெளிவரவே இல்லை. கம்பெனி இருந்த சுவடும் இல்லை.

"இப்ப என்னங்கம்மா வேணும்?" என்றேன்.

"எங்க குலதெய்வம் கோயில்ல மாசி மாசம் பூசாரி பேரு கூப்புடுவாருங். கல்யாணமாகாம கன்னியாச் செத்தவங்க பேரு. ஒவ்வொரு பேரா உரக்கக் கூப்புட, அந்த வீட்டாளு ஒருத்தரு 'இங்கிருக்கா'ன்னு சொல்லி ஒரு சேலையைக் கொண்டுபோய் வெக்கோணும். அவ்வளவுதானுங். ஓடிப்போனவ பேரைக் கூப்புட மாட்டாங்க. செத்ததுக்குக் காயிதம் கொண்டான்னு சொல்றாங்க. அறுவத்திரண்டு வருசமாச்சு தம்பி. இனி நானும் போயிட்டேன்னா 'இங்கிருக்கா'ன்னு சொல்ல ஆளில்லை."

துணிப்பையைத் திறந்து காட்டினார். மடிப்புக் கலையாத ஓர் அரக்குச் சேலை. எங்கே போனாலும் அதை எடுத்துக்கொண்டுதான் போவாராம். எந்த ஆபீசில் எப்போது மனமிறங்குவார்களோ என்று.

நானும் சொல்லிவிட்டேன். இருபத்து மூன்று வயதில், இடித்துக்கொண்டிருந்த ஒரு பழைய தியேட்டரின் ஆபரேட்டர் அறையில் தகரப் பெட்டி ஒன்று கிடைத்தது. உள்ளே முன்னோட்டச் சுருள் ஒன்று, அதில் அந்த மடுவும் அவளும். ஓட்டிப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. பொய்யோட்டப் போட்டிக்கு ஒன்பது நாள் இருந்தது. நான் மாதக்கணக்கில் முக்கிச் செய்து வைத்திருந்தது அதன் காலடிக்கு வராது. எந்தப் பட்டியலிலும் இல்லாத படம். கேட்க நாதியில்லை. என் குரலை மேலே போட்டு, நானே செய்தது என்று அனுப்பினேன். சுருளை வீட்டுப் பின்புறம் எரித்தேன்.

அனுப்புவதற்கு முன் இன்னொன்றும் செய்தேன். அந்தச் சுருள் ஒரு தடவைகூட ஓடாதது. ஒரு கீறல் கிடையாது. பார்த்தால் பழைய படம் மாதிரியே இல்லை! அதனால் கணினியில் கீறல் போட்டேன். நிஜத்தை நிஜம் போலக் காட்டப் பொய்க்கீறல் போட்ட புத்திசாலி நான்.

சாந்தாமணியம்மா துணிப்பையை மூடினார். வையப் போகிறார் என்று நினைத்தேன். வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவ கத்தறது உங்களுக்குக் கேட்டுதுங்களா? சுருள்ல?" என்று கேட்டார்.

"இல்லீங்கம்மா. அந்த அலறலு வேற யாரோ குடுத்த குரலு. அதும் அந்தச் சுருள்லயே இருந்துது."

"அதானே பாத்தேன். அவ அலறவே இல்லீங். என்னையக் கூப்புட்டா. வாயைப் பாருங்க, தெரியும்."

ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தேன். உதடு விரிந்து, நாக்கு மேல்பல்லைத் தொட்டு, மறுபடி விரிகிறது. சாந்தா. சாந்தா. உதடும் குரலும் ஒட்டாததை என் பாணி என்று எத்தனை பேட்டி கொடுத்திருக்கிறேன்! அதைப் பார்த்துத்தான் இன்றைக்கு நாடு முழுவதும் வேண்டுமென்றே ஒட்டாமல் வைக்கிறார்கள்.

பெரிய மனது பண்ணி மறுநாளே கிளம்பினேன் என்று சொல்ல ஆசைதான். பன்னிரண்டு நாள் ஆனது. உரிமம் போகும், பேர் போகும், சங்கத்தில் முகத்தில் காறித் துப்புவார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டே கிடந்தேன். பதின்மூன்றாம் நாள் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு கோயமுத்தூர் மெய்ப்பதிவகத்துக்குப் போனேன். எது நடந்தது, எது புனைந்தது என்று முத்திரை குத்துகிற ஆபீஸ் அது. பதிவாளர் மெஹருன்னிசா நல்ல பெண். முழுதும் கேட்டார், சாந்தாமணியம்மாவுக்கு மோர் கொடுத்தார், 'ஆனைமடுப் பழி'யை மெய்காண் பொறியில் போட்டார். ஒரு தடவைக்கு மூன்று தடவை போட்டார்.

"தொண்ணூத்தேழு சதம் புனைவுன்னே வருது சார்."

"கீறலு நான் போட்டதுங்க. அடியில இருக்கறது நெசம்."

"பொறி அப்படிப் பிரிச்செல்லாம் பாக்காது சார். ஒவ்வொரு இருநூத்தி நாப்பதாவது பிரேமுக்கும் அதே கீறல் திரும்பி வருது. கீறல் பொய்யின்னா படமும் பொய். அந்தச் சுருள் இருந்தாக் குடுங்க, இப்பவே முத்திரை போட்டுத் தர்றேன்."

"எரிச்சுப்போட்டேன்."

"எடுத்த கம்பெனி? ஆளுங்க?"

"யாரும் இல்லீங்."

"அந்த மடு? எலும்பு கிலும்பு கிடைச்சாக்கூட..."

"மடுவெல்லாம் வத்திப் போச்சுங் கண்ணு" என்றார் சாந்தாமணியம்மா. "தூத்து மட்டமாக்கி அதுமேல சூரியத் தகடு போட்டிருக்காங்க. நானும் போய்ப் பாத்தேன்."

மெஹருன்னிசா என்னைப் பார்த்துத் தயங்கினார். "அப்புறம் இன்னொண்ணும் இருக்கு சார். பொறி தானாத் தேடி எடுத்தது. உங்களுக்குக் காட்டித்தான் ஆகணும்."

திரையில் நான். இருபத்து மூன்று வயது, கையில் பரிசுக் கேடயம், பல்லெல்லாம் வெளியே. எப்படி இவ்வளவு தத்ரூபமாகச் செய்தீர்கள் என்று யாரோ கேட்கிறார்கள். நான் ஒலிவாங்கியைப் பிடித்து, கண்ணைச் சிமிட்டி, "இந்தப் படத்துல நடிச்ச பொண்ணு உண்மையிலேயே செத்துப்போச்சுங்க!" என்கிறேன். கூட்டம் கைதட்டிச் சிரிக்கிறது.

எனக்கு அது அடியோடு மறந்துபோயிருந்தது.

"இப்ப நீங்க சொல்றதும் அதேதானே சார்? உங்களுக்கப்புறம் நாலாயிரம் பேரு இதே மாதிரி சொல்லியிருக்காங்க. எங்க படத்துல ஆள் செத்துச்சு, சாபம் இருக்குதுன்னு. உங்க வாக்குமூலத்தைப் பொறி 'வகைமை மரபு'ன்னு போட்டு ஒதுக்கிடுச்சு."

புலி வருது கதைதான். ஆனால் அந்தக் கதையில் பொய் சொன்னவனைத்தான் புலி தின்றது. இங்கே அது வேறொருத்தியைத் தின்றுவிட்டுப் போயிருந்தது.

"கையெழுத்துப் போட்டுத் தர்றேங்க. உரிமத்தைப் புடுங்கிக்கோங்க, உள்ள தூக்கிப் போடுங்க" என்று கத்தினேன். மெஹருன்னிசா எழுந்து நின்றுவிட்டார். நடக்காத குற்றத்துக்குத் தண்டனை கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்றார். சாந்தாமணியம்மாவின் மனுவில் மூன்றாம் தடவையாக எழுதினார்: 'தற்செயல் ஒப்பு.' எழுதுவதற்கு முன் அந்தப் பெண் பேனாவை இரண்டு தடவை கீழே வைத்தார். எழுதாமல் இருக்கவில்லை.

திரும்பி வரும்போது வண்டியில் நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். ஆபீஸ் கேட்காவிட்டால் என்ன, சனம் கேட்கும். ஊரறியச் சொல்லிவிடலாம். அக்காவின் பேரைச் சொல்லலாம், கோயிலைச் சொல்லலாம், நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லலாம்.

"பேரைச் சொல்லோணுங்களா?" என்று கேட்டார். "இத்தினி வருசமா அவ பேரை நான் வெளியில எடுத்ததில்லீங் தம்பி."

"சொன்னாத்தாங்கம்மா நம்புவாங்க."

அவர் சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்தார். பாதி வழி தாண்டியதும், "செரி, சொல்லுங்க" என்றார்.

கீறல் இல்லாமல், இசை இல்லாமல், என் வீட்டுச் சுவருக்கு முன் உட்கார்ந்து இருபது நிமிடம் பேசினேன். நான் திருடன், அவள் பெயர் கலாமணி, அவள் நிஜமாகவே செத்தாள், அவளை விட்டுவிடுங்கள் என்று அழுதேன். முகவங்கியிலிருந்து அவளை யாரும் எடுக்க வேண்டாம் என்று கும்பிட்டேன். அழுகை நிஜம். என் வாழ்க்கையில் நான் செய்த நடிப்பில்லாத ஒரே வேலை அது.

அது பிய்த்துக்கொண்டு ஓடியது.

தலைவர் நாச்சிமுத்து தன் பாணியின் உச்சத்தைத் தொட்டுவிட்டார் என்று எழுதினார்கள். இசையே இல்லாமல் எடுத்த துணிச்சலைப் பாராட்டினார்கள். அழும்போது மூக்கு ஒழுகுவதைத் துடைக்காமல் விட்டது அபாரமாம். ஒரு வாரத்தில் என் அழுகையை நான்கு விநாடிக்கு வெட்டி, 'இது உண்மையில் நடந்தது' அட்டைக்குப் பதிலாக எல்லோரும் முன்னால் ஒட்டிக்கொண்டார்கள். உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதையும் விளம்பரம் என்றார்கள். பேரைக் கெடுத்துக்கொள்ளக்கூட எனக்கு வக்கில்லாமல் போனது.

வைகாசியில் கிட்டுசாமி வீட்டில் கல்யாணம். அவர் பெண்ணுக்கு. காது குத்தில் பார்த்த பழக்கத்தில் என்னையும் அழைத்திருந்தார். சாந்தாமணியம்மாவும் வந்திருந்தார், நான் வரவேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. "சனம் என்ன பண்ணுதுன்னு ஒருக்காப் பாக்கோணுங்" என்றார். வாசலில் வேறொருவன் புகை ஏற்றினான். முதலில் நான் அழுதேன், சனம் சிரித்தது. பிறகு கரும்பச்சைத் தண்ணீர் வந்தது.

கை எழும்பித் தண்ணீரை அறைந்ததும் முந்நூறு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்: "கலாமணி!"

பாட்டுக்குக் கோரஸ் சொல்கிற மாதிரி. பயிற்சி எடுத்தவர்கள் மாதிரி. அந்த இரைச்சலில் பொய் அலறல்கூடக் கேட்கவில்லை. புகையில் அவள் உதடு மட்டும் அசைந்தது, சாந்தா, சாந்தா என்று.

எனக்குப் பக்கத்தில் நின்ற சாந்தாமணியம்மா நிமிர்ந்தார். "இங்கிருக்கா" என்றார். மெல்லத்தான் சொன்னார். ஆனால் அந்த நேரம் பார்த்துக் கூட்டம் மூச்சு வாங்க அடங்கியிருந்தது, எல்லோருக்கும் கேட்டுவிட்டது. அவர் யாரையும் பார்க்காமல் நடந்துபோய், பையிலிருந்த அரக்குச் சேலையை எடுத்துப் புகைப்பெட்டியின் முன்னால் வைத்துக் கும்பிட்டார்.

ஒரு நொடி மண்டபம் அப்படியே நின்றது. நான் நம்பினேன். சத்தியமாக அந்த ஒரு நொடி நம்பினேன்.

அப்புறம் விசில் பறந்தது. "தலைவர் ஆள் செட் பண்ணிருக்காருடோய்!" என்று எவனோ என் முதுகில் தட்டினான். கிட்டுசாமி ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார், "எங்க வீட்டு விசேசத்துக்குன்னே தனியா யோசிச்சீங்களா? வாழ்நாளுக்கும் மறக்க மாட்டேனுங்க!" என்று. சாந்தாமணியம்மாவோடு நின்று படமெடுத்துக்கொள்ள வரிசை கட்டினார்கள். கூட்டத்தைப் பிளந்து அவரை வெளியே கொண்டுவருவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. சேலை உள்ளேயே கிடந்தது.

அடுத்த வாரம் உடுமலையில் ஒரு கல்யாண வீடு. மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம் நின்று "கலாமணி!" என்று கத்த, பெண் வீட்டார் மறுபக்கம் "இங்கிருக்கா!" என்று பதில் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது எல்லா ஊரிலும் அப்படித்தான். சேலை வைக்கும் கட்டத்துக்கு விசேஷ வீட்டுக்காரர்களே ஓர் அரக்குச் சேலை எடுத்து வைத்துவிடுகிறார்கள்.

ஆடியில் ஒருநாள் சாந்தாமணியம்மா வீட்டுக்கு வந்தார். கையில் பை இல்லை. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"தம்பி, கோயில்ல போன வாரம் எங்க பங்காளிக கூடிப் பேசுனாங்க. இனி மாசியில பேரு கூப்புடற வழக்கத்தையே நிறுத்திப்போடறாங்களாம். பூசாரி வாயைத் தொறந்தாவே பசங்க 'கலாமணி'ன்னு கத்திச் சிரிக்கறானுங்களாம்."

நான் தண்ணீர்ச் சொம்பை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"முகத்தை வேணும்னா அவங்களே வெச்சுக்கட்டுங். காயிதமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பேரை மட்டும் திருப்பிக் குடுத்துருங்க தம்பி. அது என்னுதுங்க. நான் மட்டும் சொல்லிட்டிருந்ததுங்க."

பார்க்கிறேன் என்றேன். அவர் போன பிறகு முகவங்கியைத் திறந்தேன். ஏழாம் முகத்துக்கு நேரே புதிதாக ஒரு வரி ஏறியிருந்தது. பெயர்: கலாமணி. வகை: புனைபெயர். ஆக்கியவர்: நாச்சிமுத்து. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.